ராமன் மறுநாளே சொல்லிட்டாரு

எங்க அண்ணன் பொண்ணுக்கு ஒரு நல்ல சேதி வந்திருக்கு. அதை எப்ப வெளியில சொல்றதுங்கிறதுல வீடே ரெண்டு கட்சியா நிக்குது.

முதல்ல சேதியைச் சொல்லிடறேன். அவ திருச்சியில பி.எச்டி. பண்றா. சாயக்கழிவு கலந்த தண்ணியில எந்தச் சாயம் எவ்வளவு இருக்குன்னு ஒளியை வெச்சே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. (உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பாத்துப் பாத்து வளர்ந்த பொண்ணு. தண்ணி மேல அக்கறை வராம இருக்குமா?) தன்னோட முதல் கட்டுரையை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தா. போன வாரம் பதில் வந்துச்சு. கட்டுரை நல்லா இருக்கு, சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் பண்ணி அனுப்புங்கன்னு.

கவனிங்க. ஏத்துக்கிட்டோம்னு வரலை. திருத்தி அனுப்புங்கன்னுதான் வந்திருக்கு.

எங்க அண்ணன் அன்னிக்கு ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான்: "என் மகளின் ஆராய்ச்சிக் கட்டுரை சர்வதேச இதழில் வெளியாகிறது." கூடவே அவ பட்டுப்பாவாடை கட்டின சின்ன வயசு போட்டோ. வரிசையா கைதட்டற படங்கள் வந்து குவிஞ்சிடுச்சு.

அம்மாவுக்கு வந்துச்சே கோவம்!

"என்னடா அவசரம்? முழுசா கைக்கு வரட்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க?"

அம்மா கணக்குப்படி கட்டுரை அச்சாகணும், பட்டம் வாங்கணும், வேலை கிடைக்கணும், அந்த ஆர்டரைக் கொண்டுபோய் பெருமாள் முன்னாடி வெச்சு எடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்கே தெரியணும்.

ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கற பொண்ணு எனக்குப் போன் பண்ணா.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. இதையெல்லாம் எப்பதான் சொல்றது?"

"நீ வேலை செய்யற மெஷினுக்கு யார் பேரும்மா வெச்சிருக்காங்க?"

"ராமன்."

"அவர் என்ன பண்ணாருன்னு பாரு. உனக்குப் பதில் கிடைச்சிடும்."

அவ தினமும் உக்காந்திருக்கிறது ராமன் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி கருவி முன்னாடி. அந்த ராமன், இயற்பியல் விஞ்ஞானி சி.வி. ராமன், பொறந்தது நம்ம திருவானைக்காவல்ல. ஸ்ரீரங்கத்துல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினா காவேரிப் பாலம் வர்றதுக்கு முன்னாடியே வந்துடற ஊரு. ஒரு நல்ல சேதியை எப்ப, யார்கிட்ட, எப்படிச் சொல்லணும்னு அந்த மனுஷன் 1928-லயே செஞ்சு காட்டிட்டுப் போயிருக்காரு. போன்ல அவகிட்ட கொஞ்சம்தான் சொல்ல முடிஞ்சுது. முழுசையும் இங்க எழுதறேன். உங்க வீட்லயும் இதே சண்டை நடந்துட்டிருக்கும், எனக்குத் தெரியும்.

ராமன் பொறந்தது 1888 நவம்பர் 7. அம்மாவைப் பெத்த தாத்தா வீட்ல. அந்தத் தாத்தா சப்தரிஷி சாஸ்திரி பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். நியாய சாஸ்திரம் படிக்கறதுக்காக இங்கேருந்து வங்காளம் வரைக்கும் நடந்தே போனவர்னு ராமனோட வாழ்க்கை வரலாறுகள்ல எழுதியிருக்காங்க.

பேரனும் வங்காளத்துக்குத்தான் போனாரு. 1907-ல, நிதித்துறை அதிகாரியா. ஆபீஸ் நேரம் போக மத்த நேரமெல்லாம் கல்கத்தா பவ்பஜார் தெருவுல இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துலதான் இருப்பாரு. 1917-ல அரசாங்க வேலையை விட்டுட்டு, குறைஞ்ச சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனாரு.

1921-ல இங்கிலாந்து போயிட்டுத் திரும்பி வர்ற கப்பல்ல மத்தியதரைக் கடலோட நீலத்தைப் பாத்தாரு. கடலோட நீலம் வானத்தோட பிரதிபலிப்புன்னு அதுவரைக்கும் பெரிய பெரிய ஆளுங்க சொல்லிட்டிருந்தாங்க. இல்லை, தண்ணியோட மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்குதுன்னு இவருக்குத் தோணுச்சு. கப்பல்லயே சின்னச் சின்னக் கருவிகளை வெச்சு சோதிச்சாரு. கப்பல் பம்பாய்த் துறைமுகத்துல நிக்கறப்பவே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிட்டாரு.

இந்தப் பழக்கத்தைக் கவனிச்சுக்கோங்க. சோதிச்சாச்சுன்னா எழுதிடணும்.

ஆனா 1923-ல வேற மாதிரி நடந்தாரு.

அவரோட மாணவர் கே.ஆர். ராமநாதன் தண்ணியில ஒளி சிதறறதைப் பாத்துட்டிருந்தப்போ, உள்ள போன நிறம் இல்லாம வேற நிறத்துல மங்கலா ஒரு சுவடு தெரிஞ்சுது. தண்ணியில அழுக்கு இருக்கோன்னு சந்தேகம். திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணிப் பாத்தாங்க. சுவடு போகவே இல்லை. "பலவீனமான ஒளிர்வு"ன்னு சொல்லி ஆராய்ச்சிக் குறிப்புல எழுதி வெச்சாங்க.

அங்கேயே "புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சாச்சு"ன்னு தண்டோரா போட்டிருக்கலாம். போடலை. ஏன்னா அது என்னங்கிறது அவங்களுக்கே இன்னும் புரியலை. இன்னொருத்தர் வந்து "காட்டுங்க"ன்னு கேட்டா, சந்தேகத்துக்கு இடமில்லாம காட்டற அளவுக்குத் தெளிவாவும் இல்லை.

அஞ்சு வருஷம் போச்சு.

1928 ஜனவரியில வெங்கடேஸ்வரன்னு ஒரு ஆராய்ச்சியாளர் சுத்தமான கிளிசரின் வழியா சூரிய ஒளியை விட்டுப் பாத்தாரு. நீலமா சிதற வேண்டியது பச்சையாத் தெரிஞ்சுது. அப்புறம் கே.எஸ். கிருஷ்ணன் (வத்திராயிருப்புக்காரர், ராமனோட வலது கை) பிப்ரவரி முழுக்க ஒவ்வொரு திரவமா எடுத்துப் பாத்தாரு. எல்லாத்துலயும் அதே சங்கதி. அழுக்கு கதையெல்லாம் முடிஞ்சு போச்சு. பிப்ரவரி 16 தேதியிட்டு, ராமன், கிருஷ்ணன் ரெண்டு பேர் பேரும் போட்ட குறிப்பு 'நேச்சர்' இதழுக்குப் போச்சு.

பிப்ரவரி 28. பாதரச விளக்கோட ஒளியில ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ள விட்டு, சிதறி வர்றதை நிறமாலைமானி வழியாப் பாத்தாங்க. உள்ள போன கோட்டுக்குப் பக்கத்துல, நடுவுல இருட்டு இடைவெளி விட்டு, புதுசா ஒளி நிக்குது. இனிமே யார் வேணும்னாலும் கண்ணை வெச்சுப் பாத்துக்கலாம்.

மறுநாள், பிப்ரவரி 29 (லீப் வருஷம்), பத்திரிகைகளுக்குச் சேதி போயிடுச்சு.

ஒரு நாள் கூடத் தள்ளிப் போடலை!

மார்ச் 16, பெங்களூர்ல விஞ்ஞானிகள் கூட்டத்துல முழுசா விளக்கிப் பேசினாரு. மார்ச் 31, அந்தப் பேச்சு 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழ்ல அச்சாச்சு. 'நேச்சர்' குறிப்பும் அதே தேதி இதழ்லதான் வந்துச்சு. பேச்சோட பிரதிகளை உலகம் முழுக்க இருந்த விஞ்ஞானிகளுக்குத் தபால்ல அனுப்பினாரு. பாத்தவங்க அவங்கவங்க ஆய்வகத்துல செஞ்சு பாத்தாங்க, சரியா வந்துச்சு. அமெரிக்காவுல ஆர்.டபிள்யூ. வுட், தானும் செஞ்சு பாத்து உறுதி பண்ணிட்டேன்னு 'நேச்சர்' இதழுக்குத் தந்தியே அனுப்பினாரு. ஜெர்மனியில பிரிங்ஸ்ஹைம்ங்கிறவரு இதுக்கு "ராமன் விளைவு"ன்னு பேரே வெச்சுட்டாரு.

சரி, இதுல என்ன பெருசு, கண்டுபிடிச்சாரு, சொன்னாரு அவ்வளவுதானேன்னு கேப்பீங்க.

மாஸ்கோவுக்கு வாங்க.

அங்க லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம்னு ரெண்டு பேரு. குவார்ட்ஸ் படிகத்துல இதே விளைவை அவங்களும் பாத்துட்டாங்க. எப்பன்னு நினைக்கறீங்க? 1928 பிப்ரவரி 21. ராமன் நிறமாலையில பாத்ததுக்கு ஒரு வாரம் முன்னாடி!

ரெண்டு பேரும் முதல் தரமான விஞ்ஞானிகள். அவங்க செஞ்ச வேலையில ஒரு குறையும் கிடையாது. ஆனா கட்டுரை எழுதி அனுப்பினது மே மாசம். அச்சாகி வந்தது ஜூலை. அதுக்குள்ள கல்கத்தாவோட சேதி உலகம் பூரா போய்ச் சேர்ந்திருந்துச்சு. அவங்க கட்டுரையிலயே ராமனோட குறிப்பைச் சுட்டிக்காட்டித்தான் எழுத வேண்டியிருந்துச்சு. 1930-ல இயற்பியல் நோபல் ராமனுக்கு மட்டும்தான் கிடைச்சுது. ரஷ்யாவுல இன்னைக்கும் இந்த விளைவுக்கு பெரும்பாலும் ராமன் பேரைச் சொல்லாம வேற பேரு சொல்லித்தான் பாடம் நடத்தறாங்க. அந்த வருத்தம் எனக்குப் புரியுது. கஷ்டப்பட்டு உழைச்சு, ஒரு வாரம் முன்னாடியே பாத்தும் பேரு போச்சுன்னா யாருக்குத்தான் வலிக்காது?

(இன்னொரு கதை. நோபல் அறிவிப்பு வந்தது நவம்பர்ல. ராமன் ஜூலையிலயே ஸ்டாக்ஹோம் போறதுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து வெச்சுட்டாருன்னு சொல்வாங்க. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் வேலை மேல அப்படி ஒரு நம்பிக்கை. ஆனா "எனக்கு நோபல் வந்தாச்சு"ன்னு நவம்பருக்கு முன்னாடி ஒரு பத்திரிகைக்கும் அவர் சொல்லலை. நம்பிக்கைக்கு டிக்கெட் எடுக்கலாம், அறிவிப்பு மட்டும் வந்தப்புறம்தான்.)

ஆக அண்ணனுக்கும் பதில் இதுல இருக்கு, அம்மாவுக்கும் பதில் இதுல இருக்கு. 1923-ல தண்டோரா போடலை. 1928-ல ஒரு நாள் காத்திருக்கலை. ரெண்டும் ஒரே மனுஷன். ரெண்டுக்கும் நடுவுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான்: இன்னொருத்தர் பாத்து, சோதிச்சு, ஆமான்னோ இல்லைன்னோ சொல்ற நிலைக்கு வேலை வந்து சேர்ந்துச்சு.

என்னோட கட்சி இதுதான். அடுத்தவங்க சோதிச்சுப் பாக்கற நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லாதீங்க. வந்துட்டா ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க.

எனக்கு இது புத்தகத்துல படிச்ச பாடம் இல்லை. நான் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில குவாலிட்டி பிரிவுல இருக்கேன். 1960-கள்ல பெல் (BHEL) தொழிற்சாலை வந்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கம் முளைச்ச எத்தனையோ பட்டறைகள் மாதிரி நாங்களும் பாய்லருக்கு வேண்டிய பாகங்கள், அழுத்தக் கலன்கள் செய்யறோம். தகடு வெட்டி, உருட்டி, பத்த வெச்சு, எக்ஸ்ரே எடுத்து எல்லாம் முடிஞ்ச மாதிரி பளபளன்னு நிக்கும். அப்பக்கூட ஷாப்ல ஒருத்தரும் "முடிஞ்சுது"ன்னு சொல்ல மாட்டாங்க. ஹைட்ரோ டெஸ்ட் ஆகணும். உள்ள முழுக்கத் தண்ணியை நிரப்பி, அந்தக் கலன் நாளைக்குத் தாங்கப் போற அழுத்தத்தை விட அதிகமா ஏத்தி (பாய்லர்னா பொதுவா ஒன்றரை மடங்கு), அப்படியே நிறுத்தி வெக்கணும். கேஜ் முள்ளு இறங்கக் கூடாது. ஒரு வெல்ட்லயும் துளி கசியக் கூடாது. இன்ஸ்பெக்டர் டார்ச் அடிச்சுச் சுத்தி வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்.

போட்டாரா? அடுத்த நிமிஷமே கஸ்டமருக்குப் போன். லாரிக்குப் போன். அங்க தாமதிச்சா எல்லாருக்கும் நஷ்டம். சைட்ல கிரேன் வாடகை ஓடிட்டிருக்கும், நமக்குப் பணம் வராது, பெயின்ட் அடிக்கறவங்க சும்மா உக்காந்திருப்பாங்க.

நாம செய்யற எந்த வேலைக்கும் இப்படி ஒரு ஹைட்ரோ டெஸ்ட் இருக்கும். டீச்சரா இருந்தா ரிசல்ட். எழுத்தாளரா இருந்தா புத்தகம் கடைக்கு வர்ற நாள். பாட்டுக்காரங்கன்னா கச்சேரி. ஆர்டர் பிடிக்கறவங்கன்னா பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வர்றது. உங்க தொழில்ல அது எதுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் வாயை மூடிட்டு வேலை. அதுக்கு அடுத்த நாள் சேதி.

அதுக்கு முன்னாடியே சொன்னா என்ன ஆகும்?

1989 மார்ச் 23. அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகம். ஃபிளெய்ஷ்மேன், பான்ஸ்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிகள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, சாதாரண அறை வெப்பநிலையில ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ளயே அணுக்கரு இணைவை நடத்திட்டோம்னு அறிவிச்சாங்க. சூரியனுக்குள்ள நடக்கறது மேசை மேல! உலகமே துள்ளிக் குதிச்சுது. ஆனா கட்டுரை அப்ப வரைக்கும் வெளிவரலை, எப்படிச் செஞ்சாங்கன்னு விவரமும் சரியாக் கிடைக்கலை. உலகத்துல இருக்கற ஆய்வகமெல்லாம் செஞ்சு பாத்துச்சு. பெரும்பாலும் ஒண்ணுமே வரலை. சில வாரத்துலயே விஞ்ஞானிகள் கூட்டத்துல அதைப் போட்டுக் கிழிச்சுட்டாங்க. அதுவரைக்கும் ஃபிளெய்ஷ்மேன் ரொம்ப மதிப்பா இருந்தவர். அதுக்கப்புறம் அந்த ஒரு பத்திரிகையாளர் கூட்டம்தான் அவர் பேரைச் சொன்னாலே ஞாபகம் வருது. எத்தனையோ வருஷ உழைப்பு அதுக்கு அடியில போயிடுச்சு.

கல்கத்தாவுலயும் பத்திரிகைக்குத்தான் சொன்னாங்க, யூட்டாவுலயும் பத்திரிகைக்குத்தான் சொன்னாங்க. ஆனா ராமன் முதல்ல விஷயம் தெரிஞ்சவங்களுக்கு எழுதினாரு, அப்புறம்தான் ஊருக்குச் சொன்னாரு. சொன்னதோட நிக்காம "இப்படித்தான் செஞ்சேன், நீங்களும் செஞ்சு பாருங்க"ன்னு பிரதியும் அனுப்பினாரு. இந்த வரிசை ரொம்ப முக்கியம். வழிகாட்டிக்குத் தெரியாம ஃபேஸ்புக்குக்குத் தெரியக் கூடாது. கூட வேலை செஞ்சவருக்குத் தெரியாம சித்தப்பா குரூப்புக்குத் தெரியக் கூடாது.

நம்ம ஊருக்கு இந்த வரிசை புதுசு இல்லை. ஸ்ரீரங்கம் தாயார் சன்னதிக்கு எதிர்ல கம்பர் மண்டபம்னு ஒரு நாலுகால் மண்டபம் இருக்கு. தாயாரைச் சேவிச்சுட்டு வர்றவங்க பாதிப்பேரு அதைத் தாண்டிப் போயிட்டே இருப்பாங்க. கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றின இடம்னு ஐதீகம். எழுதி முடிச்ச உடனே இங்க ஏத்துக்கிட்டாங்களா? இல்லை. தில்லைக்குப் போய் தீட்சிதர்கள் ஒப்புதல் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினாங்கன்னு கதை. வந்து பாடினப்போ, வால்மீகியில இல்லாத இரணியன் வதையை நீங்க எப்படிச் சேர்க்கலாம்னு கேள்வி. கம்பர் அதைப் பாட, பக்கத்துல மேடு மேல இருக்கற மேட்டழகியசிங்கரே தலையசைச்சு ஒப்புக்கிட்டாருன்னு பெரியவங்க சொல்வாங்க.

நடந்தது எவ்வளவு, கூட்டிச் சொன்னது எவ்வளவுங்கிற ஆராய்ச்சிக்குள்ள நான் போகலை. நம்ம முன்னோர் எதை மதிச்சாங்கன்னு அந்தக் கதை சொல்லுது. கேள்வி கேக்கறவங்க முன்னாடி கொண்டுவந்து வெச்சாத்தான் அது அரங்கேற்றம். கைதட்டறவங்க மட்டும் உக்காந்திருந்தா அது வீட்டு விசேஷம்.

இதனாலதான் பணம் கட்டி வாங்கற விருதுகளைப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது. இவ்வளவு கட்டுங்க, சால்வை, கேடயம், பட்டம் எல்லாம் உண்டுன்னு போன்ல கூப்பிடறாங்க. எங்க கம்பெனிக்கும் வந்திருக்கு அந்த மாதிரி அழைப்பு. அதை வாங்கிட்டு வந்து ஃபிளெக்ஸ் வெக்கறவங்களைப் பாத்தா, அவங்க நிஜமாச் செஞ்ச நல்ல வேலைகளை நினைச்சு வருத்தமா இருக்கு. அந்த வேலையைச் சொல்லியிருந்தாலே போதுமேங்க. யாரும் கேள்வி கேக்க முடியாத ஒரு கேடயத்தை வெச்சு அதை ஏன் மறைக்கணும்?

இப்ப அம்மா கட்சிக்கு வர்றேன். எனக்கு அதிக வருத்தம் இந்தப் பக்கம்தான்.

கண்ணு படும்ங்கிற பயம், பெருமை பேசறான்னு சொல்வாங்களேங்கிற பயம், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு விளம்பரம்"ங்கிற பேச்சு. இதெல்லாம் சேர்ந்து எத்தனை வேலையை மூடி வெச்சிருக்கு தெரியுமா?

எங்க ஷாப்ல ஒரு பொண்ணு 6ஜி வெல்டிங் டெஸ்ட்ல பாஸ் பண்ணா. தெரியாதவங்களுக்கு: குழாயை 45 டிகிரி சாய்ச்சு நிறுத்திடுவாங்க. அதைத் திருப்பக் கூடாது. மேல, கீழ, பக்கவாட்டுல எல்லாம் நாமதான் வளைஞ்சு நெளிஞ்சு பத்த வெக்கணும். அப்புறம் அந்தத் துண்டை எக்ஸ்ரே எடுத்தோ, வெட்டி வளைச்சோ பாப்பாங்க. அனுபவசாலிகளே தடுமாற்ற டெஸ்ட் அது. பாஸ் பண்ணிட்டு, சர்டிஃபிகேட்டை பீரோல வெச்சுப் பூட்டிட்டா. வீட்லயும் சொல்லலை, அடுத்த ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் சொல்லலை. "சொன்னா திமிருன்னு நினைப்பாங்க மேடம்" அப்படின்னா.

அடுத்ததா ஒரு முக்கியமான குழாய் வேலை வந்துச்சு. 6ஜி ஆள் வேணும்னு தேடி, வெளியிலேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. தகுதியான ஆள் அதே ஷெட்ல நின்னுட்டிருக்கா. யாருக்கும் தெரியாது. அன்னிக்குக் கூலி வித்தியாசமும் போச்சு, அனுபவமும் போச்சு.

இது அடக்கம் இல்லைங்க. இது இழப்பு. அவளுக்கு மட்டுமில்லை, அவளைப் பாத்து "நானும் பண்ணலாம் போலிருக்கே"ன்னு நினைச்சிருக்கக்கூடிய அடுத்த பொண்ணுக்கும் இழப்பு. சோதனையில தேறின ஒரு வேலையைச் சொல்றது பெருமையடிக்கறது ஆகாது. அது தகவல். யாருக்கோ அது தேவைப்படுது.

சொன்ன உடனே கைதட்டுவாங்கன்னும் எதிர்பாக்காதீங்க. ராமனோட அண்ணன் பையன் சந்திரசேகர். நட்சத்திரங்கள் எப்படிச் சாகுதுன்னு கணக்குப் போட்டு, 1935 ஜனவரியில லண்டன் ராயல் வானியல் கழகத்துல வாசிச்சாரு. வயசு 24. அவர் வாசிச்சு முடிச்சதும் எடிங்டன்ங்கிற ஜாம்பவான் எழுந்து எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிட்டாரு. ஆனா சந்திரசேகர் சொல்லியாச்சு, எழுதியாச்சு, பதிவாயிடுச்சு. அந்தக் கணக்கு இன்னைக்கும் அவர் பேர்லதான் இருக்கு. 1983-ல நோபல் வந்துச்சு. அவமானப்படுவோம்னு பயந்து அன்னிக்கு அவர் வாசிக்காம இருந்திருந்தா?

சொல்ற நேரம் மாதிரியே, யார் பேரைச் சொல்றோம்ங்கிறதும் முக்கியம்.

அப்துல் கலாம் நம்ம செயின்ட் ஜோசப் காலேஜ்ல படிச்சவர். 1954-ல இங்கதான் பட்டம் வாங்கினாரு. அவர் பல மேடைகள்ல திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பி, கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துடுச்சு. திட்ட இயக்குநர் கலாம்தான். ஆனா பத்திரிகையாளர்கள் முன்னாடி போய் உக்காந்து தோல்வியைத் தன் மேல ஏத்துக்கிட்டது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்து 1980 ஜூலை 18. ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து போய் வெற்றி. அன்னிக்குத் தவன் கலாமைப் பாத்து, பத்திரிகையாளர் கூட்டத்தை நீங்களே நடத்துங்கன்னு அனுப்பிட்டாரு.

இதைக் கேக்கறப்பெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வராது. நல்ல சேதியைச் சொல்ற வாய்ப்பே ஒரு பரிசு. அதை யாருக்குக் கொடுக்கறோம்ங்கிறதுல நம்ம தரம் தெரிஞ்சுடும். ஒரு பெரிய கலன் எங்க ஷாப்லேருந்து போகும்போது நான் எழுதற குறிப்புல வெல்டர் பேரு, ஃபிட்டர் பேரு, கிரைண்டிங் பண்ணவங்க பேரு எல்லாம் போடுவேன். ஏன் இவ்வளவு நீளம்னு மேல கேப்பாங்க. நீளமாவே இருக்கட்டும்னு சொல்லிடுவேன். அந்தப் பேரையெல்லாம் எடுத்துட்டா அந்தக் கலன் வந்திருக்காது.

நான் பின்பற்றறதையும் சொல்லிடறேன், கேக்கறவங்களுக்காக.

ஒண்ணு முடிஞ்சுதுன்னு தோணினதும், "சந்தேகப்படற ஆள் ஒருத்தர் வந்தா இதைக் காட்ட முடியுமா?"ன்னு கேட்டுக்குவேன். முடியும்னா அன்னிக்கே எழுதிடுவேன். முடியாதுன்னா வீட்ல மட்டும்தான் பேச்சு. வீட்ல சொல்றதுக்கு எந்த விதியும் கிடையாது, அங்க பாதி வெந்ததையும் சொல்லலாம். வெளியில எழுதும்போது என்ன செஞ்சோம், எதனால கஷ்டமா இருந்துச்சு, யாருக்குப் பிரயோஜனம்னு எழுதுவேன். "மிகுந்த பெருமையும் மகிழ்ச்சியும் அடைகிறேன்"னு மட்டும் எழுதினா படிக்கறவங்களுக்கு அதுல எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இருக்காது. கடைசியா, கூட இருந்தவங்க பேரு. அவங்ககிட்ட முன்கூட்டியே காட்டிட்டு.

இன்னொண்ணு. கூட இருக்கறவருக்கு ஒரு துக்கம்னா அந்த வாரம் நம்ம நல்ல சேதி கொஞ்சம் காத்திருக்கலாம். நம்ம குரூப்ல ஒருத்தர் வேலை போய் உக்காந்திருக்கும்போது, அதே நேரத்துல நம்ம பதவி உயர்வைப் போட வேண்டாமே. இதுக்கு எந்த விதிப் புத்தகமும் வேண்டாம், மனசு இருந்தாப் போதும்.

அண்ணன் பொண்ணுக்கு என்ன சொன்னேன்னு கேப்பீங்க. திருத்தத்தை முடிச்சு அனுப்பு. உங்க புரொபசர் கிட்டயும், கருவியை ஓட்டச் சொல்லிக் கொடுத்த சீனியர் கிட்டயும் முதல்ல சொல்லு. ஏத்துக்கிட்டோம்னு கடிதம் வர்ற அன்னிக்கே, ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, தமிழ்லயே எழுதிப் போடு. உய்யக்கொண்டான் தண்ணிக்கு இது எப்படி உதவும்னு நாலு வரி சேத்து எழுது. அச்சு வரட்டும், பட்டம் வரட்டும்னு காத்திருக்காதே. (அண்ணன் குரூப்ல போட்டதை எடுத்துட்டான். அம்மா இன்னும் ஒத்துக்கலை. பேத்திக்குச் சுத்திப் போடறதுக்கு மிளகாயும் உப்பும் தயாரா வெச்சிருக்காங்க. அது அவங்க பாசம், போடட்டும்.)

பிப்ரவரி 28-ஐ 1987-லேருந்து தேசிய அறிவியல் நாளாக் கொண்டாடறோம். ஸ்கூல்ல எல்லாம் கண்காட்சி வெப்பாங்க, ராமன் தலைப்பாகை போட்டுக்கிட்டு குழந்தைங்க நிப்பாங்க. அந்தக் குழந்தைங்களுக்கு அடுத்த நாளோட கதையையும் சொல்லிக் கொடுக்கணும்னு டீச்சர்ங்களைக் கேட்டுக்கறேன். கண்டுபிடிச்சாரு, சரி. மறுநாளே, சோதிச்சுப் பாருங்கன்னு உலகத்துக்கிட்ட தைரியமாச் சொன்னாரு. ரெண்டும் சேர்ந்ததுதான் ராமன்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கறேன். நீங்க முடிச்சு, சோதனையிலயும் தேறி, யாருக்கும் சொல்லாம பீரோவுக்குள்ள வெச்சிருக்கற வேலை ஒண்ணு இருக்கும். அதை இந்த வாரமே வெளியில எடுத்துச் சொல்லுங்க. கூட உழைச்சவங்க பேரையும் சேத்துச் சொல்லுங்க.